பத்துப் படிக்கு மேலே உரிமை இல்லை: தாராவி ஏணிகளும் மும்பைப் படிக்கட்டுகளும்

மும்பை: தாராவியின் சந்துகளில் நடப்போர் தலையைக் குனிந்தே நடக்கின்றனர். மேலே தொங்கும் மின்கம்பிகள் ஒரு காரணம். இருபுறச் சுவர்களையும் ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணிகள் மற்றொரு காரணம். இரண்டு இரும்புக் கம்பிகள், அவற்றின் குறுக்கே பற்றவைக்கப்பட்ட பத்துப் பன்னிரண்டு தகட்டுப் படிகள், பிடித்துக்கொள்வதற்கு மேல்நிலைப்படியிலிருந்து தொங்கவிடப்பட்ட ஒரு நைலான் கயிறு. இவ்வளவுதான் அந்த மாடிப்படி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஏறக்குறைய ஓரடி உயரம். ஏறும்போது முகம் சுவரைப் பார்த்திருக்க வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. கையில் தண்ணீர்க் குடமோ இடுப்பில் குழந்தையோ இருந்தால் ஒரு கையால்தான் ஏற முடியும். தாராவிப் பெண்கள் நாள்தோறும் அவ்வாறே ஏறி இறங்குகின்றனர்.

இதுவரை இந்த ஏணிகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அவற்றில் ஏறுவோர் மட்டுமே. தற்போது அவை அரசின் கோப்புகளிலும் இடம்பெற்றுவிட்டன. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிகளின்படி, ஏணியின் கீழே வசிக்கும் குடும்பத்துக்கு ஒரு நியாயம், மேலே வசிக்கும் குடும்பத்துக்கு வேறொரு நியாயம். தரைத்தளத்தில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்ததற்குச் சான்று வைத்திருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு உண்டு. மேல்தளத்தில் குடியிருப்போருக்கு, அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருந்தாலும், தாராவிக்குள் இலவச வீடு இல்லை. அவர்களுக்கு மும்பைப் பெருநகரப் பகுதியில் வேறெங்கேனும் 300 சதுர அடி வீடு. அதுவும் வாடகை செலுத்திப் பின்னாளில் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில்.

பத்துப் படி உயரம் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டே அனுப்பக் கூடும் என்பதை இந்த ஏணிகளைப் பற்றவைத்த கொல்லர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஏணி வந்த கதை

தாராவி ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்புடையது. மாஹிம் கழிமுகத்தின் ஓரத்தில் இருந்த சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர்கள் அங்கே குடியேறியவர்களே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தோல் பதனிடும் தொழிலை இங்கே வளர்த்தனர். 1887-இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும், 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அந்தக் காலத்தின் அடையாளங்களாக இன்றும் நிற்கின்றன. குஜராத்திலிருந்து குயவர்களும், உத்தரப் பிரதேசத்திலிருந்து தையல் தொழிலாளர்களும், மகாராஷ்டிரத்தின் பிற மாவட்டங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்தோரும் பின்னர்ச் சேர்ந்தனர். மக்கள்தொகை குறித்துப் பல மதிப்பீடுகள் கூறப்படுகின்றன. பத்து லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்.

நிலம் அதே அளவில் இருக்க, குடும்பங்கள் பெருகின. பக்கவாட்டில் விரிய வழியில்லை என்றானபோது வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. மராத்தியில் 'மாளா' எனப்படும் மேல்தளம் இவ்வாறு தோன்றியதே. தொடக்கத்தில் அது வீட்டுக்குள்ளேயே பலகை அடித்துப் போட்ட பரண். மகனுக்குத் திருமணம் ஆனவுடன் அந்தப் பரண் ஓர் அறையாயிற்று. பின்னர் வாடகைக்கு விடலாமே என்ற எண்ணம் வந்தபோது, வாடகைதாரர் தம் வீட்டுக்குள் புகுந்து ஏற வேண்டாம் என்பதற்காக ஏணி வெளியே வந்தது. 100 அல்லது 150 சதுர அடி வீட்டில் முறையான மாடிப்படி வைத்தால் அறையில் கால்பங்கு படிக்கே போய்விடும். எனவே சந்தின் ஓரத்தில் ஓரடி இடத்தை எடுத்துக்கொண்டு செங்குத்தாக ஏணி நிறுத்துவதே வழக்கமாயிற்று. அதனால் சந்து மேலும் குறுகியது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புக் கட்டடங்களின் படிக்கு 190 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் கூடாது என்றும், கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுக்கிறது. தாராவியின் ஏணி இவ்விரண்டையும் தலைகீழாக்கியது: உயரம் மிகுதி, அகலம் குறைவு. மேலும், குடிசைப் பகுதிகளில் வீட்டின் உயரம் 14 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது மாநகராட்சி நெடுங்காலமாக வலியுறுத்திவந்த வரம்பு. அந்த வரம்புக்குள் இரண்டு தளங்களை அடக்க முயன்றால் இரண்டிலும் தலை தட்டும். ஆகவே வரம்பு பல இடங்களில் ஏட்டளவில் நின்றது; இரண்டாம் தளத்துக்கு மேல் மூன்றாம் தளமும் வந்த சந்துகள் உள்ளன.

கீழே தொழிற்கூடம், மேலே குடியிருப்பு என்ற அமைப்பும் தாராவியில் பெருவழக்கு. தையல் எந்திரமோ, தோல் வெட்டும் மேசையோ, பலகாரம் சுடும் அடுப்போ கீழே இயங்க, அதில் உழைப்போர் இரவில் ஏணி ஏறி மேலே உறங்குவர். தாராவியில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த 'அர்ப்ஸ்' என்ற கட்டடக்கலைக் குழுவினர் இத்தகைய வீட்டையே ஒரு தொழிற்கருவியாகக் கருத வேண்டும் என்று எழுதினர். வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணம் பத்துப் படி மட்டுமே என்பதால்தான் இங்குச் செய்யப்படும் பொருள்கள் மலிவாக இருக்கின்றன என்பதை மறுப்பது கடினம்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மும்பையின் தாழ்வான பகுதிகள் பலவும் மூழ்கின. அத்தகைய நாள்களில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் அடுப்பையும் அரிசியையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஏறுவது, வெயில் நாளில் தாம் வாடகைக்கு விட்டிருக்கும் அந்த மேல்தளத்துக்கே. அப்போது மட்டும் வீட்டுக்காரர் மேலே இருப்பவரின் விருந்தாளி.

ஏணியின் கொடுமையையும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலான தாராவி வீடுகளில் கழிப்பறை இல்லை; பொதுக் கழிப்பிடத்தையே நம்பியிருக்கின்றனர். மேல்தளத்தில் குடியிருக்கும் முதியவர் நள்ளிரவில் கயிற்றைப் பிடித்து இறங்கி, இருட்டுச் சந்தில் நடந்து, மீண்டும் ஏற வேண்டும். மழைக்காலத்தில் தகட்டுப் படிகள் வழுக்கும். நிறைமாதக் கர்ப்பிணியும் அதே ஏணியில்தான் இறங்க வேண்டும். மேலிருந்து இறந்தவர் உடலை இறக்குவதற்குப் பலர் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த ஏணியைக் கவின்மிகு காட்சியாகப் படம் பிடிப்போர் அதில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்ப்பது நல்லது.

யார் உள்ளே, யார் வெளியே

தாராவியைச் சீரமைப்பது குறித்த பேச்சு புதிதன்று. 1985-ஆம் ஆண்டின் இறுதியில் பிரதமர் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நிதியில் சில அடுக்குமாடிக் கட்டடங்களும் எழுந்தன. மாநில அரசு 2004-இல் தாராவி முழுவதற்குமான மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படுவதும் கைவிடப்படுவதுமாக ஆண்டுகள் ஓடின. 2022 நவம்பரில் நடந்த ஏலத்தில் ரூ. 5,069 கோடி முதலீட்டுக்கு ஒப்புக்கொண்டு அதானி குழுமம் வென்றது. 2023 ஜூலையில் மாநில அரசு முறைப்படி ஒப்புதல் அளித்தது. இதற்கென அமைக்கப்பட்ட நிறுவனத்தில் 20 விழுக்காட்டுப் பங்கு மாநில அரசுடையது. முந்தைய ஏலத்தில் ரூ. 7,200 கோடி கேட்டு முன்னணியில் இருந்த செக்லிங்க் நிறுவனம் தொடர்ந்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பணி 2024 மார்ச் 18-ஆம் தேதி கமலா ராமன் நகரில் தொடங்கியது. ஒவ்வொரு கதவின் மீதும் எண் எழுதப்பட்டது. ஏணியின் கீழ்க்கதவுக்கு ஓர் எண். மேற்கதவுக்கு வேறோர் எண். இந்த எண்ணைத் தொடர்ந்து வருவது தகுதி குறித்த முடிவு.

விதிகள் மூன்று வகைப்படும். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள் இலவச வீடு. அந்தத் தேதிக்கும் 2011 ஜனவரி 1-க்கும் இடையே தரைத்தளத்துக்கு வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, அதற்கு ரூ. 2.5 லட்சம் செலுத்த வேண்டும். 2011-க்குப் பின் வந்தோருக்கும், மேல்தளத்தில் குடியிருக்கும் அனைவருக்கும் வெளியே வாடகைத் தவணை வீடு. இவர்களுக்கு 2022 நவம்பர் 15 கடைசித் தேதி. மேல்தளவாசிகள் மின்கட்டண ரசீது, பதிவு செய்யப்பட்ட விற்பனை அல்லது வாடகை ஒப்பந்தம் போன்ற ஆவணங்களைக் காட்ட வேண்டும். இல்லாவிடில் தரைத்தளத்துக்காரரின் உறுதிமொழி வேண்டும். மின்மீட்டர் கீழ்வீட்டுக்காரரின் பெயரில் இருக்க, மாதந்தோறும் கையில் பணமாகக் கொடுத்துப் பழகியவர் ரசீதுக்கு எங்கே போவார்?

அரசுத் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. அதைப் புறந்தள்ள இயலாது. மகாராஷ்டிரத்தின் பிற குடிசை மாற்றுத் திட்டங்களில் மேல்தளம் என்பதே கணக்கில் வருவதில்லை. அங்கே மேலே இருப்போருக்கு எதுவும் கிடைக்காது. தாராவியில்தான் அவர்களுக்கும் ஒரு வீடு என்ற உறுதி அளிக்கப்பட்டிருக்கிறது என்று திட்ட அதிகாரிகள் கூறுகின்றனர். அது உண்மையே. ஆனால் ஒரு வீட்டின் இரு தளங்களில் அண்ணனும் தம்பியும் குடியிருந்தால், அண்ணனுக்குத் தாராவியும் தம்பிக்கு முலுண்டும் என்றாகிறது. இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்பவர்கள் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இழப்பு மேலே இருப்போருக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. மேல்தள வாடகையை நம்பிக் காலந்தள்ளும் முதியோரும் கைம்பெண்களும் தாராவியில் ஏராளம். அவர்களுக்கு ஓய்வூதியம் அதுவே. 350 சதுர அடியில் குளியலறையும் கழிப்பறையும் உள்ள வீடு கிடைப்பது பெரும் பேறுதான். ஆனால் அந்த வீட்டின் மீது மாளா கட்ட முடியாது. மாத வாடகை நின்றபின் அவர்கள் எதைக் கொண்டு வாழ்வார்கள் என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கையில் தலைப்பு இல்லை.

அனைவருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு, அதுவும் 500 சதுர அடியில் வேண்டும் என்று 'தாராவி பச்சாவ் ஆந்தோலன்' அமைப்பினர் கோரிவருகின்றனர். அரசோ வெளியே நிலம் தேடுவதில் முனைப்பாக இருந்தது. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் மத்திய அரசுக்குச் சொந்தமான ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பள நிலத்தை ஒப்படைக்க 2024-இல் தில்லி இசைந்தது. குர்லாவின் பால்பண்ணை நிலமும், தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கரும் பட்டியலில் சேர்ந்தன. 2025 மே மாதத்தில் முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் தாராவிக்கான பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார்.

தண்டவாளத்துக்கு அப்பால்

தாராவிக்கு இரு புறமும் தண்டவாளம். கிழக்கே மத்திய ரயில்வே, மேற்கே மேற்கு ரயில்வே. எங்கே போவதென்றாலும் ஒரு பாலம் ஏறி இறங்க வேண்டும். சயான் மருத்துவமனை என எல்லாராலும் அழைக்கப்படும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ளது. ஏணியிலிருந்து இறக்கப்பட்ட நோயாளி அடுத்து ஏற வேண்டியது சயான் பாலம். 1912-இல் கட்டப்பட்ட அந்தப் பாலம் வலுவிழந்துவிட்டதாலும், கூடுதல் ரயில் பாதைகளுக்கு இடம் தேவைப்பட்டதாலும், சிலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 1 முதல் வாகனங்களுக்கு மூடப்பட்டது. ஒரு பாலம் மூடப்பட்டால் சுற்றிப் போவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பது காரில் செல்வோரைவிட நடந்து செல்வோருக்கே நன்கு தெரியும்.

தெற்கே மாட்டுங்காவில் மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தையும் மேற்கு ரயில்வேயின் மாட்டுங்கா ரோடு நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் ஒன்று உண்டு. இரண்டு இடங்களில் திரும்பிச் செல்வதால், ஆங்கில எழுத்தின் வடிவத்தைக் கொண்டு அதை 'இசட் பாலம்' என்கின்றனர். கிழக்கே ரூயியா, பொத்தார் கல்லூரிகளும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும், மேற்கே ரூபாரேல் கல்லூரி. மாணவர்களுக்கு அதுவே நடைபாதை, அதுவே சந்திக்கும் இடம். மாட்டுங்கா நிலையம் 2017 ஜூலை முதல் முற்றிலும் மகளிர் ஊழியர்களால் நடத்தப்பட்டதும், நாட்டிலேயே அவ்வகையில் அது முதலாவது புறநகர் நிலையம் என்ற பெயர் பெற்றதும் தனிச் செய்தி.

ரயில் நிலையப் படிக்கட்டு என்றாலே மும்பைவாசிகளுக்கு நினைவுக்கு வருவது 2017 செப்டம்பர் 29. எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைத்த பாலத்தின் குறுகிய படிக்கட்டில், காலை அலுவலக நேரத்தில், திடீர் மழைக்கு ஒதுங்கியவர்கள் நகராமல் நிற்க, அடுத்தடுத்து வந்த ரயில்களிலிருந்து இறங்கியவர்கள் மேலும் நெருக்க, 23 பேர் உயிரிழந்தனர். பூ விழுந்தது என்பதைக் குறிக்கும் இந்திச் சொல், பாலம் விழுந்தது என்று காதில் விழுந்து பீதி பரவியதாக அப்போது பேசப்பட்டது. மக்கள் சாகப் பாலம் இடிய வேண்டியதில்லை. படிக்கட்டு குறுகலாக இருந்தாலே போதும் என்பதை அன்று நகரம் கண்டது.

அதன் பிறகே நடைமேம்பாலம் என்பது பயணிகளுக்கு அளிக்கும் வசதியன்று, பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று ரயில்வே அமைச்சகம் வகைப்பாட்டை மாற்றியது. எல்பின்ஸ்டன், கரி ரோடு, ஆம்பிவலி ஆகிய மூன்று இடங்களில் ராணுவமே பாலம் கட்டித் தந்து, 2018 பிப்ரவரியில் அவை திறக்கப்பட்டன. எல்லையில் பாலம் கட்டுவோரை நகரத்தின் நடுவே அழைக்க வேண்டி வந்தது குறித்து அப்போதே கேலியும் எழுந்தது. 2019 மார்ச் 14 மாலை, சத்ரபதி சிவாஜி முனையத்தை ஒட்டிய நடைமேம்பாலத்தின் தளம் சரிந்து விழுந்து மேலும் சிலர் மாண்டனர். அந்தப் பாலம் அதற்கு முன்பே ஆய்வு செய்யப்பட்டுச் சிறு பழுதுகள் மட்டுமே உள்ளதாகச் சான்று பெற்றிருந்தது.

படியேற அலுத்துத் தண்டவாளத்தைக் கடப்போரும் உண்டு. மும்பைப் புறநகர் ரயில் வழித்தடங்களில் 2023-ஆம் ஆண்டில் 2,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டவர்கள். சோம்பல் என்று அவர்களைப் பழிப்பது எளிது. தலையில் மூட்டையுடன் நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கியவர்கள் அவ்வாறு பழிப்பதில்லை.

தாராவியின் வடமேற்கு விளிம்பில், பாந்த்ரா நிலையத்திலிருந்து கலாநகர் வரை 2008-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையே மும்பையில் அவ்வகையில் முதலாவது. ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நடைபாதையைப் பார்த்து நகரெங்கும் அதுபோலக் கட்டினார்கள். முன்னோடியோ பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது.

மாட்டுங்காவின் மரப்படிகள்

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. படிக்கட்டுகளைப் பார்த்தால் இரண்டும் வேறு நூற்றாண்டுகள் போலத் தோன்றும்.

1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. காற்றோட்டமில்லாத நெருக்கமே நோய்க்குக் காரணம் என்று கருதிய அவ்வமைப்பு, வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற சாலைகளும் பூங்காக்களும் கொண்ட புறநகரைத் திட்டமிட்டது. கட்டடங்கள் மூன்று தளங்களுக்கு மிகாமல் இருந்தன. எழுத்தர்களாகவும் தட்டெழுத்தர்களாகவும் வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே குடியேறின. கழிப்பறையும் குளியலறையும் வீட்டுக்குள்ளேயே அமைந்த தனிக்குடியிருப்பு மும்பையில் பரவியதில் மாட்டுங்காத் தென்னிந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013-இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். ஆசாரம் காக்கும் ஆவலும் அதில் கலந்திருந்தது என்பது அவரது கருத்து. அந்தக் கட்டடங்களில் மாடிப்படி மட்டுமே எல்லாருக்கும் பொது. பால்காரர், பத்திரிகை போடும் பையன், பாட்டு வாத்தியார் எல்லாரும் அதில்தான் ஏறி வந்தனர்.

மாட்டுங்கா நிலையத்தை ஒட்டிய லால் பகதூர் சாஸ்திரி சந்தைக் கட்டடத்தின் முதல் தளத்தில் 1942-இல் தொடங்கிய ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இருக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டுக்காக மாடிப்படியில் வரிசையில் நிற்பது அங்கே சாப்பாட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. தெற்கத்திய வழக்கப்படி, பசித்தவனுக்குப் படி ஒரு பொருட்டன்று.

குடியிருப்புகளில் நிலைமை வேறு. மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்களின் மூன்றாம் தளத்தில் முப்பது வயதில் குடியேறியவர்களுக்கு எண்பது வயதாகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். மருத்துவரிடம் செல்வதைத் தவிர வேறெதற்கும் இறங்காத முதியவர்கள் பலர். ஆகவே பழைய கட்டடத்தை இடித்து உயரமான கோபுரம் கட்ட வரும் நிறுவனத்திடம் அவர்கள் முதலில் கேட்பது கூடுதல் சதுர அடியை மட்டுமன்று, மின்தூக்கியையும்தான். தெருவுக்குத் தெரு பழைய மரக்கைப்பிடிகளும் மொசைக் படிகளும் இடிபாட்டு லாரிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. தாராவித் திட்டத்தின் முதல் பூமிபூஜை 2024 செப்டம்பரில் நடந்ததும் மாட்டுங்கா ரயில்வே நிலத்தில்தான்.

செம்பூரில் 108 படி

செம்பூரில் தமிழர்களுக்கு மிகவும் பழக்கமான படிக்கட்டு சேடா நகரில் உள்ளது. கிழக்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டிய திருச்செம்பூர் முருகன் கோயிலில் சந்நிதியை அடைய 108 படிகள் ஏற வேண்டும். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரனிருக்கும் இடம் என்பர். சேடா நகரில் குன்றில்லை. ஆகவே படிகளைக் கட்டி உயரத்தை உண்டாக்கிக்கொண்டனர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வந்து சேரும் இடங்களில் அது ஒன்று. ஏறுவதால் எவருடைய உரிமையும் குறையாத படிக்கட்டு இந்த வட்டாரத்தில் அது ஒன்றே எனலாம்.

அதே செம்பூரில் 2014 பிப்ரவரியில் மோனோ ரயில் ஓடத் தொடங்கியது. ஒற்றைத் தூண்வரிசை மீதுள்ள உத்தரத்தில் ஓடும் அந்த ரயிலுக்குப் பக்கத்தில் நடந்து செல்லப் பாதை இல்லை. 2025 ஆகஸ்ட் 19 மாலை, கனமழையில் புறநகர் ரயில்கள் தடைப்பட்டதால் கூட்டம் அளவுக்கு மீறி ஏற, செம்பூர் மைசூர் காலனி அருகே வண்டி மின்தொடர்பு இழந்து நடுவானில் நின்றது. குளிர்சாதனம் நின்ற மூடிய பெட்டிகளில் 582 பேர் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சிக்கியிருந்தனர். கடைசியில் தீயணைப்புத் துறையின் ஏணி வாகனங்களே அவர்களைத் தரையிறக்கின. அதற்கு அடுத்த மாதம், 2025 செப்டம்பர் 20 முதல், சீரமைப்புக்காகச் சேவை நிறுத்திவைக்கப்பட்டது. தாராவிப் பகுதியிலோ 2025 மே 10 முதல் பூமிக்கடியில் மெட்ரோ நிலையம் இயங்குகிறது. அங்கே நகரும் படிக்கட்டுகள் உண்டு.

செம்பூரின் தென்கோடியில் உள்ள மாஹுல் அடுக்குமாடித் தொகுதி தாராவி மக்கள் அஞ்சும் பெயர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே கட்டப்பட்ட 72 கட்டடங்கள். தான்சா குடிநீர்க் குழாய் ஓரம் இருந்த குடிசைகளை அகற்றியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அனுப்பப்பட்டன. மாசுக் காற்று, மருத்துவமனை இல்லாமை, இயங்காத மின்தூக்கி என்று அவர்கள் போராடினர். மக்களை அங்கே வாழக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் கூறி, மாற்று வீடு தராவிட்டால் மாதம் ரூ. 15 ஆயிரம் வாடகை வழங்குமாறு உத்தரவிட்டது.

கோவண்டி, மான்குர்த் பகுதிகளின் மறுகுடியமர்வுத் தொகுதிகளை ஆய்ந்த 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பு, கட்டடங்களுக்கு இடையே வெயிலும் காற்றும் நுழையாத நெருக்கத்துக்கும் காசநோய்ப் பரவலுக்கும் தொடர்பு இருப்பதாக 2018-இல் தெரிவித்தது. அங்கேயும் கட்டடங்களுக்குள் அகலமான படிக்கட்டு உண்டு, மின்தூக்கி உண்டு. பல இடங்களில் மின்தூக்கி பழுதாகி நிற்க, ஏழாவது மாடிக்குத் தண்ணீர் சுமந்து ஏறுகிறார்கள். மின்தூக்கியைப் பராமரிக்க மாதச் சந்தா கட்ட வேண்டும். அன்றாடக் கூலியில் வாழ்வோருக்கு முதலில் விடுபடுவது அந்தச் சந்தாவே.

தேவ்னார் குப்பைமேடு இந்தத் தொகுதிகளுக்கு அடுத்துள்ளது. 1927 முதல் நகரத்தின் குப்பை கொட்டப்பட்ட இடம் அது; அங்கே குவிந்துள்ள கழிவை அகற்ற மாநகராட்சி 2025-இல் ஒப்பந்தப்புள்ளி கோரியபோது குறிப்பிட்ட அளவு 185 லட்சம் டன். அதை அகற்றி முடித்த பின்னரே 124 ஏக்கரில் தாராவியின் மேல்தளவாசிகள் போன்றோருக்கு வீடு கட்ட முடியும்.

தாராவிக்குள் கட்டப்படும் இலவச வீடுகளுக்கு முதல் 10 ஆண்டுகள் பராமரிப்புச் செலவு இல்லை என்று உறுதி அளிக்கப்பட்டிருக்கிறது. அதன் பின்னர் கட்டடத்திலேயே ஒதுக்கப்படும் வணிக இடத்தின் வாடகையிலிருந்து மின்தூக்கி, தண்ணீர் இறைப்பான் செலவுகளைச் சமாளிக்கலாம் என்பது திட்டம். அந்த வாடகை போதுமா என்பது 11-ஆம் ஆண்டில் தெரியவரும். அதுவரை சந்துகளில் ஏணிகள் நிற்கின்றன. மேற்கதவில் எழுதிய கணக்கெடுப்பு எண் மழையில் அழிந்துவிடாமல் இருக்கச் சிலர் அதன் மேல் கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருக்கின்றனர்.